பக்கத்தில் நின்றவர்

வீடு
பிப்ரவரி 3

அன்புள்ள பட்டாசுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி மட்டும் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்குகிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? சுரங்கத் தூசியில் இருமல் வந்தால் அலட்சியமாக இருந்துவிடாதே. போனில் பேசலாம் என்றால் உன் முகாமுக்கு டவர் எட்டுவதில்லை. எட்டுகிற நாளில் நீ கத்துவதில் பாதி விளங்குவதில்லை. கடிதமே நல்லது.

விஷயத்துக்கு வருகிறேன். வளரும் ஆர்கன் கலைஞர்களுக்கான போட்டியில் இறுதிச் சுற்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்! முப்பத்திரண்டு வயது வரை ஒருவர் வளரலாம் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு முப்பத்தொன்று. இந்த முறை விட்டால் அடுத்த வருடம் ஒன்று, அதோடு சரி. செய்தியைச் சொன்னதும் அத்தை, "இன்னும் எவ்வளவுடி வளருவே, இப்பவே வாசல் நிலையில தலை இடிக்குது" என்றார்கள்.

முதல் பரிசு, நகர மண்டபத்து ஆர்கனை இரண்டு வருடம் வாசிக்கும் வேலை. வாரத்தில் ஒருநாள் தேவாலயத்தில் வாசிப்பு, மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் விரலைப் பிடித்துக் கட்டையில் வைப்பது என்று ஓட்டிக்கொண்டிருக்கிறேனே, அதிலிருந்து வெளியே போக எனக்குத் தெரிந்து இந்த ஒரு வாசல்தான் இருக்கிறது.

அந்த ஆர்கன் மிகப் பழையது. சுவர் முழுக்கக் குழாய்கள். வாசிப்பவர் உட்காரும் இடத்தின் இரண்டு பக்கமும் மரக் குமிழ்கள் வரிசையாக இருக்கும். ஒரு குமிழை இழுத்தால் ஒரு வகைக் குழாய்கள் பேசும். தள்ளினால் வாயை மூடிக்கொள்ளும். மென்மையான குழல் ஒன்று, ஊரை எழுப்புகிற எக்காளம் ஒன்று, இப்படி. எனக்கு இரண்டு கையும் இரண்டு காலும் வாசிப்பில் மாட்டிக்கொண்டிருக்கும் என்பதால் குமிழ்களைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். என் மாணவி வருகிறாள். கெட்டிக்காரி. எங்களுக்குள் இரண்டே சொல்: இழு, தள்ளு.

இன்னொரு வேடிக்கை கேள். வாசிப்பது யாரென்று நடுவர்களுக்குத் தெரியக் கூடாதாம். அவர்கள் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மேலே மாடத்தில் இருக்கிற எனக்கு ஒரு எண் மட்டும்தான். நான் குரல் எழுப்பினால் நீக்கிவிடுவார்கள். ஆர்கனில் கோளாறு என்றால் பக்கத்தில் நிற்பவர்தான் போட்டிக் குழுவின் ஆளிடம் சொல்ல வேண்டும். சொன்னால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க விடுவார்கள். "வாயை மூடிட்டு இருக்கணுமா? அப்போ உனக்குக் கஷ்டம்தான்" என்று உன் அண்ணன் சிரிக்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அண்ணி

முகாம்
பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். தபால் வண்டி வாரத்துக்கு ஒருமுறைதான் மலையேறுகிறது. இல்லாவிட்டால் உங்கள் கடிதத்தைப் படித்த அன்றைக்கே பதில் பறந்திருக்கும்.

அண்ணி! இறுதிச் சுற்று! சுரங்கத்துக்குள் மின்விளக்கு வரிசை மாட்டிக்கொண்டிருந்தவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து என் ஆட்கள் எல்லாருக்கும் சொன்னேன். ஆர்கன் என்றால் ஆர்மோனியத்தின் தாத்தாவா என்று கேட்டார்கள். ஆமாம், ஒரு வீடு அளவுக்குத் தாத்தா என்று சொல்லிவைத்தேன்.

அம்மா சொன்னதற்காக ஒருநாள் அவளை வைத்துக்கொள்கிறேன். அண்ணனிடம் சொல்லுங்கள்: கண்ணாடிக் கடையை ஒருநாள் பூட்டினால் ஊரில் யாருக்கும் பார்வை போய்விடாது. முன் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்ட வேண்டும். எனக்குப் பதிலாகவும் சேர்த்துத் தட்ட வேண்டும்.

முடிந்த உடனே எழுதுங்கள்.

உங்கள் பட்டாசு

வீடு
ஏப்ரல் 12

அன்புள்ள பட்டாசுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அத்தைக்கு வலி குறைந்திருக்கிறது.

போட்டி முடிந்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

தாலாட்டு மாதிரி மிக மெதுவாகப் போகிற ஒரு பகுதியில் ஒரு குழல் ஒட்டிக்கொண்டு, விரலை எடுத்த பிறகும் நிற்காமல் ஊதியது. அதை அடக்கப் போன இடத்தில் எக்காளம் திறந்துகொண்டது. பக்கத்தில் நின்றவர் தவறான குமிழை இழுத்துவிட்டார். என் கை விடுபடும்வரை அது அப்படியே முழங்கியது. நடுவர்கள் எழுதிக் கொடுத்ததில், "ஒலிகளைத் தேர்ந்தெடுப்பதில் ரசனைக் குறைவு" என்று இருக்கிறது.

போகட்டும். மழைக்காலம் வருகிறது, கம்பளிப் போர்வை இருக்கிறதா?

உன் அண்ணி

முகாம்
ஏப்ரல் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை. ரசனைக் குறைவா? உங்களுக்கா? தாலாட்டுக்கு நடுவில் எக்காளம் வேண்டுமென்று எந்தப் பைத்தியமாவது தேர்ந்தெடுக்குமா? முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் மூளையையும் எதிர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்களா?

அவர்களை விடுங்கள். அந்தக் கெட்டிக்கார மாணவி என்ன செய்துகொண்டிருந்தாள்? குழல் ஒட்டிக்கொண்டது ஆர்கனின் கோளாறு. கோளாறைச் சொன்னால் மறுபடி வாசிக்கலாம் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். ஏன் சொல்லவில்லை? அவளுக்கு வாய் இல்லையா?

எங்கள் வேலையில் தப்பான சுவிட்சைப் போட்டுவிட்டால் போட்டவன் அந்த நொடியே "நான்தான்" என்று சுரங்கம் அதிரக் கத்த வேண்டும். திட்டு வாங்கலாம், பரவாயில்லை. கத்தாமல் நழுவினால் கம்பியின் அந்த முனையில் கை வைத்திருப்பவன் செத்துப்போவான். நழுவியவனை நான் முகாமில் ஒருநாள் வைத்திருக்க மாட்டேன். அந்தப் பெண்ணை என்னிடம் ஒரு வாரம் அனுப்புங்கள், போதும்.

கோபம் அடங்கவில்லை. நீங்கள் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? அதை எழுதுங்கள்.

உங்கள் பட்டாசு

வீடு
ஜூன் 29

அன்புள்ள பட்டாசுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். பள்ளிக்கூடம் திறந்த நேரம், வேலை சரியாக இருந்தது. எல்லாரும் நலம். கடையில் புதுக் கண்ணாடிச் சட்டங்கள் வந்திருக்கின்றன. அத்தை ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டு, தான் டீச்சர் மாதிரி இருப்பதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

மாணவியைத் திட்டாதே, பாவம். போட்டியன்று காலையில் படியில் வழுக்கி விழுந்து அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. அவள் வரவே இல்லை.

வீட்டில் எனக்கு இப்போது புதுப் பெயர். எக்காளம். "எக்காளம், காபி ஆச்சா?" "எக்காளம், கதவு தட்டுறாங்க பாரு." போன ஞாயிறு உன் பெரியப்பா வந்திருந்தபோது அவருக்கும் அது பிடித்துப்போய்விட்டது. சிரிப்புதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி

முகாம்
ஜூலை 10

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நலத்தை நீங்கள் எழுதியதை நான் நம்பவில்லை. உண்மையான நலத்தை எழுதுங்கள்.

மாணவி வரவில்லை என்றால் பக்கத்தில் நின்றது யார்?

உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மாணவி எப்போதும் "வருகிறாள்". எங்கள் அம்மா எப்போதும் "என்றார்கள்", ஊரையே சேர்த்து மரியாதை. ஆனால் ஏப்ரல் கடிதத்தில் "நின்றவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். "இழுத்துவிட்டார்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு ஆத்திரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அண்ணி, பெயரும் இல்லாமல் உறவும் சொல்லாமல் உங்கள் வாயில் மொட்டையாக "அவர்" என்று வருகிற ஆள் இந்த உலகத்தில் ஒருவர்தான்.

என் அண்ணனா?

நீங்கள் பதில் எழுத வேண்டாம். உங்களைக் கேட்டால் மறுபடி போர்வை இருக்கிறதா என்பீர்கள். அவனையே கேட்கிறேன். இதே வண்டியில் அவனுக்கும் ஒரு கடிதம் வருகிறது.

உங்கள் பட்டாசு

முகாம்
ஜூலை 10

அண்ணனுக்கு,

நலம். கேள்விகள் நான்கு. அன்றைக்கு அண்ணி பக்கத்தில் நின்றது நீயா? எக்காளத்தை இழுத்தது நீயா? கோளாறு என்று நீ சொன்னாயா இல்லையா? அண்ணிக்கு அந்தப் பெயரை வைத்தது யார்?

சுற்றி வளைக்காமல் எழுது.

உன் தங்கை

கடை
ஆகஸ்ட் 2

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். வியாபாரம் மந்தம். எல்லாரும் போனிலேயே கண்ணாடி வாங்கிக்கொள்கிறார்கள். கண்ணைக் கெடுப்பதும் போன்தான், கண்ணாடி விற்பதும் போன்தான். நாம் என்ன செய்வது?

நீ கேட்டதற்கு. ஆமாம், நான்தான் நின்றேன். அந்தப் பெண் காலையில் கை பிசகி உட்கார்ந்துகொண்டாள். கடையைப் பூட்டிவிட்டுப் போய் உதவினேன். அதை யாரும் சொல்ல மாட்டீர்கள்.

அவசர ஒத்திகையில் உன் அண்ணி "இழு, தள்ளு" என்று சொல்லிக்கொடுத்தாள். சரி. ஆனால் நடுவில் ஏதோ ஒரு குழாய் கீயென்று கத்த ஆரம்பித்ததும் என்னைப் பார்த்து, "எடு, எடு" என்று கிசுகிசுத்தாள். எடு என்றால் எடுப்பதுதானே? கைக்குக் கிட்டே இருந்ததை வெளியே எடுத்தேன். அவள் சொன்னது உள்ளே தள்ளச் சொல்லியாம். எடு என்றால் தள்ளு என்று எந்த ஊரில் அர்த்தம்? நீயே சொல்.

அந்தப் பெயர் சும்மா விளையாட்டுக்கு வைத்தது. அவளே சிரிக்கிறாள். உனக்கு ஏன் அங்கே உட்கார்ந்துகொண்டு மூக்கு சிவக்கிறது?

மலைப்பாதையில் ஜாக்கிரதையாகப் போய் வா.

ஆசிகளுடன்,
அண்ணன்

முகாம்
ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். படியுங்கள். முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்து இரண்டாம் முறை படித்தேன், அப்போதும் ஆறவில்லை.

சொல் குழம்பியது, சரி. ஒரு வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது, பதற்றத்தில் நடக்கும். ஆனால் நான்கு கேள்வி கேட்டேன். மூன்றுக்குத்தான் பதில் இருக்கிறது. கோளாறைச் சொன்னாயா என்றதற்கு வியாபாரம் மந்தம் என்கிறான்! அதை நீங்கள் சொல்லுங்கள். போர்வையைப் பற்றி எழுதினால் அடுத்த வண்டியில் நானே இறங்கி வந்துவிடுவேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதப் போகிறேன். உங்கள் சம்மதம் மட்டும் வேண்டும்.

உங்கள் பட்டாசு

வீடு
செப்டம்பர் 5

அன்புள்ள பட்டாசுக்கு,

நான் நலமாக இல்லை. மற்றவர்கள் நலம்.

"எடு" என்றது என் தவறு. அடுப்பில் பால் பொங்கினால் "எடு, எடு" என்று கத்துவோமே, அந்த மாதிரி வந்துவிட்டது. அவர் இழுத்ததும் தவறுதான். அந்த இரண்டையும் பாதிப்பாதி பங்கு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

எக்காளம் திறந்ததும் அவர் உறைந்துபோய் நின்றார். திரும்பத் தள்ளக்கூட இல்லை. கை விடுபட்டதும் நானே தள்ளிவிட்டு முடித்தேன். மாடத்துப் படியில் குழுவின் ஆள் ஏறி வந்தார். "ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். உன் அண்ணனைத்தான் கேட்க வேண்டும், விதி அப்படி. ஒட்டிக்கொண்ட குழலை அந்த ஆளும் கீழே நின்று கேட்டிருக்கிறார். சொல் என்று கெஞ்சுகிற மாதிரிதான் கேட்டார். நான் உன் அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாய்க்குள் சொல் முட்டிக்கொண்டு நிற்கிறது, திறந்தால் நீக்கிவிடுவார்கள். உன் அண்ணன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, "கோளாறெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றார்.

ஏன் தெரியுமா? கோளாறு என்றால் எக்காளம் எப்படித் திறந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு நிமிடத்து வெட்கத்துக்காக என் இரண்டு வருட வேலையை, இத்தனை வருடம் குளிரில் விறைத்த விரலோடு தேவாலயத்தில் பழகியதை எல்லாம் கொடுத்துவிட்டார். கேட்காமல் கொடுத்துவிட்டார்.

அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. திரும்பி வரும்போது காரில், "என்னாச்சு உனக்கு? நல்லாத்தானே வாசிச்சிட்டிருந்தே?" என்று என்னைக் கேட்டார். என்னை! வீட்டு வாசலில் அத்தை என்ன ஆச்சு என்றதும், "அவளுக்குக் கை நடுங்கிடுச்சும்மா. தாலாட்டுக்கு நடுவுல எக்காளம் ஊதிட்டா" என்று சொல்லிச் சிரித்தார். பெயர் அங்கே பிறந்தது. தன் கை செய்ததை எடுத்து என் நெற்றியில் ஒட்டிவிட்டு, தினமும் அதைச் சொல்லியே காபி கேட்கிறார். நான் சிரிக்கிறேனாம். சிரிக்காவிட்டால் ஒரு கேலியைக்கூடத் தாங்க மாட்டாள் என்பார்கள்.

அத்தைக்கு எழுதாதே. நான் சொன்னால் புருஷன்மேல் பழி போடுகிறாள் என்றாகும். நீ சொன்னால் நாத்தனாரைத் தூண்டிவிட்டாள் என்றாகும். அவர் சொன்னால்தான் அது உண்மை என்றாகும். இது என்ன நியாயம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனாலும் எழுதாதே.

மறுபடி விண்ணப்பித்திருக்கிறேன். கடைசி வாய்ப்பு. "நான் நிக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை.

உன் அண்ணி

முகாம்
செப்டம்பர் 19

அன்புள்ள அண்ணிக்கு,

எழுதவில்லை. வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் ஆட்கள் எனக்குக் காய்ச்சல் என்று நினைக்கிறார்கள்.

அவனோடு பிறந்தவள் நான். சின்ன வயதில் அவனுக்காக எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. இன்றைக்கு அவன் பெயரை உறையில் எழுதக்கூடக் கை கூசுகிறது. நான் உங்கள் பக்கம். நாத்தனார் என்பதற்காகவோ உங்கள்மேல் பாவப்பட்டோ இல்லை. அவன் செய்தது அநியாயம், அவ்வளவுதான்.

பழகுங்கள். சாப்பிட்டுப் பழகுங்கள். அந்தப் பெண்ணைப் படியில் பார்த்து இறங்கச் சொல்லுங்கள்.

உங்கள் பட்டாசு

வீடு
ஏப்ரல் 19

அன்புள்ள பட்டாசுக்கு,

நான் நலம். இந்த முறை நம்பலாம்.

எனக்கு இரண்டாம் இடம். மண்டபத்து வேலை முதலில் வந்த பையனுக்குப் போய்விட்டது. நன்றாக வாசித்தான், வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், நன்றாகவே வாசித்தான். என் மாணவி ஒரு குமிழைக்கூடத் தவறவிடவில்லை. நடுவர்கள் எனக்கு எழுதியது: "ஒலித் தேர்வு மிக நேர்த்தி. மூன்றாம் பகுதியில் அவசரம் தெரிகிறது." உண்மைதான். காலுக்குச் சுலபமான இடம் வந்ததும் ஓடிவிட்டேன். அன்றைக்கு இரவு அழுதேன், ஆனால் அது என் தப்புக்கு நான் அழுத அழுகை. அதில் ஒரு மரியாதை இருந்தது.

மறுநாள் மதியம் உன் பெரியப்பா வந்திருந்தார். எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தோம். "என்ன எக்காளம், இந்தத் தடவை எங்கே கோட்டை விட்டே?" என்று கேட்டார். உன் அண்ணன் தட்டைப் பார்த்துச் சிரித்தார்.

நான் திட்டமிடவில்லை பட்டாசு. தானாக வந்தது. "மூணாவது பகுதியில ஓடிட்டேன் மாமா. இந்தத் தடவை தப்பு என்னுது. போன தடவை என்னுது இல்ல. எக்காளத்தை இழுத்தது உங்க பிள்ளை. கோளாறான்னு வந்து கேட்டப்போ இல்லைன்னு சொன்னதும் அவர்தான்" என்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார்கள், பிறகு மகனைப் பார்த்தார்கள். "அப்படியாடா?" என்றார்கள். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். மறுத்தால் சொல்ல வேண்டியதை எல்லாம் நாக்கின் நுனியில் வைத்திருந்தேன்.

"ஆமா" என்றார்.

அத்தை சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என் சொந்தப் பெயரை, இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு நின்றபோது கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த மாடத்தில் குழுவின் ஆள் வந்து கேட்டதற்கும் இதே ஒரு சொல்தானே பதில்? அன்றைக்குச் சொல்ல இவருக்கு என்ன கேடு?

உன் வருகைக்காகக் காத்திருக்கும்,
உன் அண்ணி